மாமி வைத்த பரீட்சை

1979ஆம் ஆண்டு பங்குனி மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலையில் கல்முனைக்குடிப் பாத்தும்மா உப்பை மறந்தார். அன்று பகல் பெரியநீலாவணையிலிருந்து காரைதீவு வரை எந்த வீட்டு ஆணத்திலும் கறியிலும் உப்புக் கரிக்கவில்லை. பெண்கள் அள்ளி அள்ளிப் போட்டார்கள். சட்டி நிறைந்ததே தவிர ருசி வரவில்லை. உப்பு விற்றவர்கள் பள்ளிவாசல் பக்கம் கைநீட்டிச் சத்தியம் பண்ணினார்கள். கடலில் இறங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தவர்கள் கிணற்றுத் தண்ணீர் மாதிரித்தான் இருக்கிறது என்று வந்து சொன்னார்கள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று பழமொழி சொன்ன ஊர் அன்று குப்பையில் எதையும் போடாமல் முழுவதையும் சாப்பிட்டது, பசி அப்படி.

இதற்குக் காரணம் பாத்தும்மாதான் என்று முதலில் கண்டுபிடித்தவர் அவருடைய இளைய மருமகன் ஜவுபர். கல்முனைப் பஸாரில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தார். ஊரில் ‘ரேடியோ பாஸ்’ என்றால் அவர்தான். பழுதான ரேடியோவைத் திறக்காமலே, காதை வைத்துக் கேட்டு எந்த இடத்தில் பிழை என்று சொல்லிவிடுவார். வீட்டிலும் அவருக்குக் காதுதான் வேலை செய்தது. எங்கள் பகுதியில் கல்யாணம் முடிந்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய் வாழ வேண்டும். ஆனால் மாமி மருமகன் முன்னால் வர மாட்டார், முகம் கொடுத்துக் கதைக்கவும் மாட்டார். பதினாறு வருடமாக ஜவுபர் பாத்தும்மாவின் வீட்டில் பாத்தும்மாவின் சோற்றைத் தின்று வந்தார். அவர் இருப்பது முன் விறாந்தையில், மாமி நடு அறையில், இடையில் ஒரு சீலைத் திரை. அந்தப் பதினாறு வருடத்தில் மாமியின் வலது கைப் பெருவிரலை இரண்டு தரம் கண்டிருக்கிறார், அதுவும் தற்செயலாக. ஆனால் திரைக்குப் பின்னால் நடப்பதில் அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. மாமி எந்தக் காலை ஊன்றி எழும்புவார், பெருமூச்சு விட்டால் களைப்பா கோபமா, வெற்றிலைத் தட்டத்தை வைக்கும் சத்தத்தில் அன்றைக்கு மனம் எப்படி என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அந்தச் செவ்வாய்க்கிழமை பாத்தும்மா உப்புச் சட்டியின் முன் நின்றுகொண்டு, “இது என்ன மாவு?” என்று கேட்டதை ஜவுபர் கேட்டார். சாய்ந்தமருதிலிருந்து வந்திருந்த மூத்த மகள் முனவ்வறா, “உம்மா, இது உப்பு. எங்க சொல்லுங்க பாப்பம், உப்பு” என்று பத்துத் தரம் சொல்லிக் கொடுத்ததையும் கேட்டார். முனவ்வறா பள்ளிக்கூட ரீச்சர். பாத்தும்மாவும் மரியாதைக்கு உப்பு உப்பு என்று சொன்னார், ஊரில் கரிப்பு வரவில்லை. இரண்டு நாள் பொறுத்த ஜவுபர் வியாழக்கிழமை பகல், சப்பென்ற மீன் ஆணத்தைப் பிசைந்துகொண்டே, திரையைப் பார்த்து மெல்லச் சொன்னார்: “மாமி, இண்டைக்கு உப்புக் கொஞ்சம் கூடிப்போன மாதிரி.” திரைக்குப் பின்னால் வெற்றிலைத் தட்டம் டங்கென்று கேட்டது. “என்ட கையில உப்புக் கூடினதா? நாப்பது வருஷமா அடுப்படியில நிக்கன். அரை விரல் உப்புப் போட்டா எந்தச் சட்டிக்குக் காணும், முக்கால் விரல் எதுக்கு எண்டு எனக்குச் சொல்லித்தர ஆள் வந்திரிச்சா?” என்றார் பாத்தும்மா. ஜவுபரின் அடுத்த கவளம் கரித்தது. தெருவிலிருந்த எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் ஆட்கள் சோற்றைத் துப்பினார்கள், இரண்டு நாளாக அள்ளிப் போட்ட உப்பெல்லாம் ஒன்றாக வந்துவிட்டது.

அதற்குப் பிறகு விஷயம் ஒழுங்காக நடக்கத் தொடங்கியது. பாத்தும்மா எதை மறந்தாரோ அது ஊரில் இல்லாமல் போனது; எந்த வழியிலாவது அவருக்கு அது திரும்ப வந்தால் ஊருக்கும் வந்தது. அவருக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. முந்திய வருடம் கார்த்திகையில் அடித்த சூறாவளிதான் மூளையைக் கலக்கிவிட்டது என்று சிலர் சொன்னார்கள். சூறாவளிக்கு முன்னமே அவர் ஒரு நாள் வாசல் கதவைச் சாப்பாட்டுத் தட்டு என்று நினைத்துக் கழுவிச் சோறு போட்டது சுபைறாவுக்குத் தெரியும். சுபைறா அவருடைய இளைய மகள், ஜவுபரின் மனைவி. ஆடி மாதம் பாத்தும்மா முட்டைக்காரன் பெனடிக்கை மறந்தார். நான்கு நாளாகத் தெருவில் ஒரு சைக்கிள் தானாக ஓடியது. கூடையிலிருந்த முட்டைகள் தாங்களாகவே வாசலில் இறங்கின. பெனடிக் பாவம், தான் இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலிலும் தொண்டை கிழியக் கத்தினாராம், ஒருவருக்கும் கேட்கவில்லை. நான்காம் நாள் சுபைறா உம்மாவிடம் ஒரு கூழ்முட்டையைக் கொடுத்தாள். “அந்தப் பெனடிக்குக்கு கண் தெரியாதா?” என்று பாத்தும்மா ஏச, பெனடிக் வாசல் படலையடியில் வியர்த்து விறுவிறுத்துப்போய் நின்றார். இன்னொரு காரியம் அவ்வளவு நல்லபடி முடியவில்லை. அவர்களுடைய வளவில் ஒரு பழமரம் நின்றது. அதைப் பாத்தும்மா மறந்ததை யாரும் கவனிக்கவில்லை. பதினைந்து நாள் கழிந்ததும் ஊரும் அதை மறந்துவிட்டது. அது என்ன பழம், புளிப்பா இனிப்பா என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. வளவில் வட்டமாக ஒரு வெறும் இடமும், எட்டாத பழத்தைப் பறிக்கும் ஒரு நீளக் கொக்கத்தடியும் மட்டும் மிச்சம்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. நாளைக்கு மீனை மறந்தால் என்ன செய்வது என்று கடற்கரையிலும், நெல்லை மறந்தால் என்ன செய்வது என்று வயல் வட்டைகளிலும் கேட்டார்கள். பாத்தும்மாவைப் பார்ப்பது இனிக் குடும்ப விஷயமில்லை, ஊர் விஷயம் என்று பள்ளிவாசலில் முடிவானது. பிள்ளைகளில் யாருக்குப் பராமரிக்கிற திறமை கூட என்று முறையாகப் பரீட்சித்து, அவரிடமே உம்மாவை ஒப்படைக்க வேண்டும். மூன்று பேர் கொண்ட குழு அமைந்தது. ஒருவர் பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் மரைக்காயர் அதாவுல்லா. இரண்டாமவர் நேசராசா, நாற்பது வருடம் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரியாக இருந்து இளைப்பாறியவர், மெதடிஸ்த கோயிலுக்குப் போகும்போதும் கைப்பெட்டியோடு போகிறவர். மூன்றாவது மருத்துவமாது யூஜினி. கல்முனையில் பாதிப் பேருக்குத் தொப்புள் கொடி வெட்டியவர் என்பதால் அவரைக் கேட்காமல் எதுவும் நடக்காது.

நேசராசா இருபது கேள்வியில் ஒரு தாள் தயாரித்தார். கேள்விக்கு ஐந்து புள்ளி, மொத்தம் நூறு. குளிப்பாட்டும் முறை, மருந்து நேரம், நகம் வெட்டியிருக்கிறதா, படுக்கை சுத்தமா என்று எல்லாம் ஒழுங்காக இருந்தது. பதினொராவது கேள்வி: ‘நோயாளி பிழையாகச் சொன்னால் உடனுக்குடன் திருத்துகிறாரா?’ காயத்துக்கு நாளுக்கு இரண்டு தரம் மருந்து கட்டுவதுபோல ஞாபகத்துக்கும் கட்ட வேண்டும் என்பது அவருடைய நம்பிக்கை. ஒவ்வொரு மகளுக்கும் ஒரு முழு நாள். முனவ்வறாவின் நாளில் உம்மா வெள்ளையாக உடுத்து, தலைவாரி, கேட்ட கேள்விக்கெல்லாம் பயந்து பயந்து பதில் சொன்னார். சுபைறாவின் நாளில் நிலைமை வேறு. பாத்தும்மா ரேடியோவில் செய்தி வாசித்தவரைத் தன்னுடைய மௌத்தாகி அடக்கமும் ஆகிவிட்ட கணவர் மீராமுகைதீன் என்று நினைத்து, “இவ்வளவு நேரம் எங்க போய்க் கிடந்தீங்க?” என்று ஏசினார். சுபைறா திருத்தவில்லை. “நல்லாக் கேளுங்க உம்மா, வாப்பா வாய் ஓயாமக் கதைக்கார், பதில் மட்டும் சொல்றாரில்ல” என்று சேர்ந்து சிரித்தாள். யூஜினிக்கும் சிரிப்பு வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நேசராசா ஐந்து புள்ளியை வெட்டினார். முனவ்வறாவுக்கு எண்பத்தொன்று, சுபைறாவுக்கு ஐம்பத்தெட்டு. ஜவுபரைப் பரீட்சிக்க யாருக்கும் தோன்றவில்லை, அவர் மருமகன், திரைக்கு வெளியே உள்ளவர். முடிவு வாசித்த அன்று பின்னேரமே பாத்தும்மாவை மொறிஸ் மைனர் காரில் சாய்ந்தமருதுக்குக் கொண்டுபோனார்கள். சுபைறா படலையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். திரைக்குப் பின்னால் சத்தமில்லாத வீட்டில் ஜவுபருக்குச் சோறு இறங்கவில்லை.

முனவ்வறாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உம்மா என்றால் உயிர். உயிரைக் கொடுத்துத்தான் திருத்தினாள். கதவில் ‘கதவு’ என்றும் யன்னலில் ‘யன்னல்’ என்றும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாள். பாத்தும்மா வாசிக்கப் படித்தது அறபு எழுத்தில் எழுதும் அறபுத்தமிழ் மட்டும்தான் என்பது அந்த நேரம் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. காலையும் மாலையும் கேள்வி, பிழைத்தால் திருத்தம், திருத்தத்துக்குப் பிறகு மறுபடி கேள்வி. பரீட்சை என்றால் யாருக்குத்தான் தெரிந்தது மறக்காது? முதல் வாரத்திலேயே மட்டக்களப்பு பஸ்ஸின் ஹோர்ன் சத்தம் போனது. பிறகு ஏழு என்ற எண் போனது. பிள்ளைகள் ஆறுக்குப் பிறகு எட்டு என்று எண்ணினார்கள், மூன்று நாளாகச் சந்தையில் ஒருவர் கணக்கும் சரிவரவில்லை. ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை முனவ்வறா கேட்டாள்: “உம்மா, உங்களுக்கு எத்தின புள்ள?” பாத்தும்மா அவளுடைய முகத்தைப் பார்த்து, சரியான பதில் சொல்லிவிட வேண்டும் என்ற தவிப்போடு, “ஒண்டு” என்றார்.

அந்த நிமிடம் கல்முனைக்குடியில் சுபைறா ஜவுபருக்குத் தேயிலை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஜவுபரின் கண்ணுக்கு முன்னால் கேத்தல் மட்டும் அந்தரத்தில் நின்றது. கோப்பை நிறைந்தது. சீனிப் போத்தல் திறந்து கரண்டி தானாகக் கலக்கியது. அவர் எழும்பிக் கையை நீட்டினார். கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. சற்றுப் பொறுத்து அடுப்பங்கரைச் சுவரில் கரித்துண்டு ஒன்று எழுதத் தொடங்கியது: ‘இஞ்ச பாருங்க. நான் இஞ்சதான் இரிக்கன். ஏன் ஒண்டும் பேசாம இரிக்கீங்க?’ ஜவுபர் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றார். வளவிலிருந்த அந்த வெறும் வட்டம் ஞாபகம் வந்தது. பதினைந்து நாள் என்று தனக்குள் சொன்னார். பதினைந்து நாளைக்குள் மாமிக்குச் சுபைறா திரும்ப வராவிட்டால் ஊருக்கு வர மாட்டாள். அதைவிடப் பெரிய காரியம், தனக்கு ஒரு மனைவி இருந்தது தனக்கே தெரியாமல் போய்விடும்.

அவர் கடையைத் திறக்காமலே சைக்கிளில் சாய்ந்தமருதுக்குப் பறந்தார். அங்கேயும் நடு அறையில் ஒரு திரை தொங்கியது. திரைக்கு வெளியே இருந்து தெரிந்த வித்தையெல்லாம் காட்டினார். ஆணம் கரிக்கிறது என்றார். மாமி, “அப்பிடியா தம்பி, மன்னிச்சிக்கங்க” என்றார். அந்தத் தாழ்மை ஜவுபர் பதினாறு வருடத்தில் கேட்டிராதது. கோபமாவது மிச்சமிருந்தால் பிடித்துக்கொண்டு வரலாம். திருத்தித் திருத்தி அதையும் துடைத்திருந்தார்கள். முனவ்வறா அழுதுகொண்டே தங்கையின் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து காட்டினாள், படத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு வெறுங்கதிரை இருந்தது. குழுவும் வந்து பார்த்தது. நேசராசா கேள்வியின் அளவைக் கூட்டச் சொன்னார். நாட்கள் போயின. ஐந்தாம் நாள் கொடியில் காய்ந்த சுபைறாவின் உடுப்புகள் தெரியாமல் போயின. எட்டாம் நாளிலிருந்து சுவரில் எழுதிய எழுத்து எழுதும்போதே அழிந்தது. சமைத்த சோறு இருந்தது, சூடு இல்லை. பன்னிரண்டாம் நாள் பக்கத்து வீட்டு சுல்பிகா, “தனியா ஆக்கித் தின்னுறது கஷ்டம்தானே பாஸ், ஒரு கல்யாணத்தைக் கட்டினா என்ன?” என்று அக்கறையோடு கேட்டாள். பதின்மூன்றாம் நாள் காலை முகம் கழுவும்போது, சுபைறாவின் மச்சம் இடது கன்னத்திலா வலது கன்னத்திலா என்று ஜவுபருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அவர் கிணற்றுக்கட்டில் இருந்து வாய்விட்டு அழுதார்.

பதினான்காம் நாள், பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு, மரைக்காயரும் அப்போதிக்கரியும் மருத்துவமாதும் சாய்ந்தமருது வீட்டின் முன்மண்டபத்தில் இருக்கும்போது, ஜவுபர் உள்ளே வந்தார். வந்தவர் நிற்கவில்லை. நேரே போய்த் திரையை விலக்கினார். முனவ்வறா, “மச்சான், என்ன செய்றீங்க?” என்று இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். அதாவுல்லா எழும்பிவிட்டார். பதினாறு வருடத்தில் முதல் தரமாக ஜவுபர் மாமியின் முகத்தைப் பார்த்தார். சின்ன முகம். நாடியில் ஒரு பழைய தழும்பு. குரலை வைத்து அவர் மனதில் கட்டிவைத்திருந்த முகம் இதைவிட மூன்று மடங்கு பெரியது. பாத்தும்மா முக்காட்டை இழுத்துவிட்டு இவரை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு இந்த ஆளைத் தெரியவில்லை. தெரியாத ஓர் ஆம்பிளை உடுத்து முடித்து நடு அறைவரை வந்து நிற்கிறார் என்றால், இரண்டு பெண் பிள்ளைகளைத் தனியாக வளர்த்துக் கரைசேர்த்த ஒரு விதவையின் வீட்டில் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்.

“மாப்பிள்ளை விசயமாகவா வந்திரிக்கீங்க?” என்றார் பாத்தும்மா.

ஜவுபர் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்தக் குரலில் பழைய வெற்றிலைத் தட்டத்தின் டங் கொஞ்சம் இருந்ததை அவருடைய காது பிடித்துக்கொண்டது. “ஓம்” என்றார். “எனக்குத் தெரிஞ்ச ஒரு மாப்பிள்ளை இரிக்கார்.”

“இரிங்க. என்ன தொழில்?”

“ரேடியோ திருத்துறவர்.”

“கோபம் வருமா?”

“வரும். சோத்தை வெச்சாப் போயிரும்.”

பாத்தும்மா நிமிர்ந்து இருந்தார். முனவ்வறா ஏதோ திருத்த வாயெடுத்தாள். யூஜினி அவளுடைய கையை அழுத்திப் பிடித்தார். “என்ட புள்ளைக்குக் காய்ச்சல் எண்டா உங்கட மாப்பிள்ளை என்ன செய்வார்?” என்று கேட்டார் பாத்தும்மா. “பக்கத்துல இரிப்பார். வேற ஒண்டும் செய்யத் தெரியாது” என்றார் ஜவுபர். எங்கோ வளையல் சத்தம் கேட்டது. மண்டபத்தில் யாருடைய கையிலும் வளையல் அசையவில்லை. ஜவுபர் திரும்பிப் பார்க்கப் பயந்து மாமியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவள் ஒரு கதையப் பத்துத் தரம் சொல்லுவாள். பத்தாந் தரமும் கேப்பாரா?”

“ஆறாந் தரத்துல கொஞ்சம் நித்திரையாப் போவார். எழும்பிக் கேப்பார்.”

“வழி மாறி எங்கயும் போனாளெண்டா?”

“பின்னால போவார். கூப்பிட மாட்டார். களைச்சு நிக்கக்குள்ள, நானும் இந்தப் பக்கம்தான் போறன், சேர்ந்து போவமா எண்டு கேப்பார்.”

நேசராசா தன்னுடைய தாளைத் திருப்பி, அதன் வெறும் பக்கத்தில் பாத்தும்மாவின் கேள்விகளை அவசர அவசரமாக எழுதத் தொடங்கியிருந்தார். நாற்பது வருட வேலையில் இப்படியொரு பரீட்சையை அவர் கண்டதில்லை. அறையில் தேங்காயெண்ணெயும் கருஞ்சீரகமும் கலந்த வாசம் வந்தது, அது சுபைறாவின் தலை வாசம். நிலத்தில் ஜவுபரின் நிழலுக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல் தேயிலைச் சாயம் இறங்குவதுபோல மெல்ல மெல்லக் கருத்தது. இடையில் இன்னும் மூன்றைக் கேட்டு, பாத்தும்மா எட்டுக் கேள்வி முடித்திருந்தார். ஒன்பதாவதை உடனே கேட்கவில்லை. வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டு யோசித்தார்.

“உங்கட பேரை அவள் மறந்து போனா?”

“புதுசாச் சொல்லுவார்” என்றார் ஜவுபர். “ஒவ்வொரு நாளும் சொல்லுவார். அவருக்கு வேற என்ன வேலை.”

பாத்தும்மா வெற்றிலையை வாய்க்குள் வைத்தார். “வடிவில்லாத மாப்பிள்ளைதான்” என்றார். “எண்டாலும் பொய் சொல்ற ஆளில்லப் போல. சரி. சுபைறா வாய்க்காரி, அதை இப்பவே சொல்லிப்போட்டன். பொறகு வந்து என்னைக் குறை சொல்லக்கூடாது.” பெயர் அவருடைய வாயிலிருந்து விழுந்த கையோடு ஜவுபரின் தோளுக்குப் பக்கத்தில் சுபைறா நின்றாள், கன்னமெல்லாம் கண்ணீராக. பதினான்கு நாளும் அவள் ஜவுபரோடு சைக்கிளில் வந்து அதே இடத்தில் நின்று கத்தியிருக்கிறாள். மச்சம் இடது கன்னத்தில் இருந்தது. முனவ்வறா ஓடிவந்து தங்கையைக் கட்டிப்பிடித்துக் குழறினாள். மரைக்காயர் அல்ஹம்துலில்லாஹ் என்றுவிட்டு, திரை விலகியதைத் தான் காணவில்லை என்று எல்லோருக்கும் பொதுவாக அறிவித்தார்.

நேசராசா நேர்மையான மனிதர். இருபது கேள்வித் தாளின்படி ஜவுபருக்குப் புள்ளி போட்டுப் பார்த்தார். நூற்றுக்குப் பத்தொன்பது வந்தது. “ஐயா, பிழை ஆக்களில இல்ல, தாளில” என்றார் யூஜினி. நேசராசா கொஞ்ச நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு அந்தத் தாளைக் கிழித்தார், பாத்தும்மாவின் ஒன்பது கேள்வி இருந்த பக்கம் கிழியாதபடி கவனமாக. அதற்குப் பிறகு எண்பதுகளில் கல்முனையைச் சுற்றி எந்த வீட்டில் ஒருவருக்கு ஞாபகம் தேய்ந்தாலும் யூஜினி சைக்கிளில் அந்த ஒன்பது கேள்வியோடு போனார். சொறிக்கல்முனையில் தங்கரத்தினம் என்ற பெண் அதில் முழுப்புள்ளி எடுத்தாள். மகனின் பெயரையே மறந்த மாமனாருக்குத் தினமும் தன்னைப் புதிய வேலைக்காரியாக அறிமுகம் செய்து சம்பளம் பேசினாளாம். முனவ்வறா பள்ளிக்கூடம் விட்டதும் தங்கை வீட்டுக்கு வந்து, ஒரு மூலையில் இருந்து, திருத்தாமல் இருக்கப் பழகினாள். அது அவளுக்கு மூன்று வருடம் எடுத்தது. மூன்றாம் வருடம் தன்னையே திருமதி யூஜினி என்று உம்மா கூப்பிட்டபோது “ஓம் உம்மா, என்ன வேணும்?” என்றாள், அன்று சுபைறா அவளுக்கு வட்டிலப்பம் அவித்துக் கொடுத்தாள்.

பாத்தும்மா கல்முனைக்குடிக்குத் திரும்பி வந்தார். ஆனால் ஒவ்வொரு இரவு நித்திரையிலும் சுபைறா அவரிடமிருந்து கழுவுண்டு போனாள். விடியற்காலை சுபஹ் தொழுகைக்கு வாங்கு சொல்லும்போது அவள் மறைந்துவிடுவாள். அடுப்பு மட்டும் எரியும். ஜவுபர் தொழுதுவிட்டு வந்து, முகம் துடைத்து, மாமிக்கு முன்னால் போய் இருப்பார். “மாப்பிள்ளை விசயமாகவா வந்திரிக்கீங்க?” என்று பாத்தும்மா கேட்பார். ஒன்பது கேள்வியும் நடக்கும். பெண்ணைத் தந்ததும் சுபைறா தெரிவாள், ஜவுபருக்குத் தேயிலை வரும், கடை திறக்கும். அப்படி ஏழு வருடம். மறுப்பு வந்த நாட்களும் உண்டு. ஒரு ஹஜ்ஜுப் பெருநாளன்று புதுச்சட்டை போட்டு அத்தர் பூசிக்கொண்டு போனார். “மினுக்கிற மாப்பிள்ளைக்குப் புள்ள இல்ல” என்று பாத்தும்மா எழும்பிப் போய்விட்டார், சுபைறா பின்னேரம் அசர் வரைக்கும் தெரியவில்லை. தலை நரைத்த பிறகு, “பதினேழு வயசுப் புள்ளைக்கு இந்தக் கிழவனா?” என்று ஒரு கிழமையில் மூன்று தரம் விரட்டினார். ஊரடங்குச் சட்டம் போட்டுத் தெருவெல்லாம் செத்துக்கிடந்த நாட்களிலும் அந்த வீட்டில் காலையில் கல்யாணம் பேசினார்கள். ஒரே பெண்ணை இரண்டாயிரத்துச் சொச்சம் தரம் கேட்டு வாங்கிய ஆள் இந்தக் கரையில் வேறு இல்லை. சந்தோசமா என்று கேட்டால், தான் ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டுதான் போவதாகச் சொல்வார். பயமில்லாத மாப்பிள்ளை உண்டா என்றும் சேர்த்துச் சொல்வார்.

இன்னொன்றை யூஜினிதான் கவனித்துச் சொன்னார். பாத்தும்மாவின் மறதியில் முனவ்வறா, நேசராசா, மரைக்காயர், யூஜினி என்று எல்லோரும் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் மறைந்து வந்தார்கள். ஜவுபர் மட்டும் ஒரு நாளும் மறையவில்லை. பதினாறு வருடம் திரைக்கு வெளியே இருந்த முகம் பாத்தும்மாவின் ஞாபகத்துக்குள் வந்ததே இல்லை; கைக்கு வராத ஒன்றை எப்படித் தொலைப்பது? பாத்தும்மாவுக்கு அவர் ஒவ்வொரு காலையும் புதிய ஆள், மாலைக்குள் யாரோ ஓர் ஆள். பராமரிப்புக்கு அதைவிடத் தோதான ஆள் வேறு யார் என்று ஊர் பேசிக்கொண்டது. ஜவுபர் அதைக் கேட்டுத் தலையாட்டினார், அவருக்கு அதில் பெரிய மகிழ்ச்சி இருந்ததாகத் தெரியவில்லை.

1987ஆம் ஆண்டு தை மாதம், பாத்தும்மா மௌத்தாவதற்கு இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை காலை ஜவுபர் வழமைபோலப் போய் முன்னால் இருந்தார். பாத்தும்மா கேள்வி கேட்கவில்லை. நெற்றியைச் சுருக்கி அவரை நெடுநேரம் பார்த்தார். கேள்வி வராவிட்டால் சுபைறா வரமாட்டாள்.

“எனக்குத் தெரிஞ்ச ஒரு மாப்பிள்ளை...” என்று ஜவுபர் தானே தொடங்கினார்.

“நேத்தும் வந்தீங்கதானே?” என்றார் பாத்தும்மா. “நேத்தே புள்ளையத் தந்தன். தந்த புள்ளையத் திரும்பத் திரும்ப வந்து கேக்கிறது என்ன பழக்கம்? அவள் உங்கட வீட்டு அடுப்படியிலதான் நிக்காள், போய்ப் பாருங்க மருமகன்.”

நேற்று என்ற சொல் அந்த வாயிலிருந்து வந்து ஏழு வருடம். மருமகன் என்ற சொல் முகத்துக்கு நேரே வந்தது அதுதான் முதல் தரம். ஜவுபர் அடுப்படிப் பக்கம் திரும்பினார். அடுப்படி வாசலில் சுபைறா அகப்பையோடு நின்றாள். அவளும் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து சுபைறா மறையவே இல்லை. மற்றதெல்லாம் வந்து போயின. அந்த மாசியில் ஒரு கிழமை ஊரில் தும்மல் இருக்கவில்லை.

இனித் தானும் மறக்கப்படக்கூடிய ஆள் என்பது ஜவுபருக்கு அன்றே விளங்கியது. பஸாருக்குப் போகும் வழியெல்லாம், கண்டவரையெல்லாம் நிறுத்தி, மாமிக்குத் தன்னைத் தெரிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு போனார். அடுத்த வியாழக்கிழமை அசருக்கும் பொழுதுபடும் மஹ்ரிபுக்கும் இடையில் அவர் மறைந்தார். கடை திறந்து கிடந்தது. ரேடியோக்களைக் கொண்டுவந்தவர்கள் பெயரையும் பழுதையும் துண்டில் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள், பெனடிக்கும் ஒன்றை வைத்தார். வீட்டில் சுபைறா கையைக் கழுவித் துடைத்துவிட்டு, ஏழு வருடமாக ஜவுபர் இருந்த இடத்தில் உம்மாவுக்கு முன்னால் போய் இருந்து, “உங்களுக்கு ரெண்டாவது மருமகன் எப்பிடிப்பட்ட ஆள் உம்மா?” என்று கேட்டாள்.